ஊசிக்காரர் நின்ற இடங்கள்

எங்கள் பக்கத்தில் அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் வருவது ஒரே பதில்தான். "நல்ல மனுஷங்க. ஆனா நேரத்துக்கு வரமாட்டாரு." மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவருக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. மாடு பருவத்தில் நிற்பது ஒரு பகலோ ஓர் இரவோதான். அதற்குள் ஊசி விழ வேண்டும். விட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். இது ஊரில் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் தாமதமாகத்தான் வருவார்.

சோம்பல் காரணமில்லை. குடியும் இல்லை. வழியில் நின்றுவிடுவார், அவ்வளவுதான். அவர் வண்டியின் பின்னால் ஒரு பக்கம் புகையும் நைட்ரஜன் கேன் தொங்கும். உறைந்த விந்துக் குச்சிகள் அதற்குள்தான் இருக்கும். இன்னொரு பக்கம் ஒரு மரப்பெட்டி. அதில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப். எந்தப் பள்ளிக்கூடமோ கழித்துப்போட்டதை ஓசூரில் பழைய இரும்புக் கடையில் கண்டெடுத்தாராம். அடியில் சின்னக் கண்ணாடி வைத்து வெயிலைத் திருப்பிப் பார்க்கிற வகை. ஊசி போடுகிறவர்கள் யாரும் இப்படி ஒன்றைச் சுமந்துகொண்டு திரிவதில்லை. இவர் திரிந்தார்.

ஊசி போட்டு முடித்ததும் குழல் நுனியில் ஒரு சொட்டு ஒட்டியிருக்கும். மற்றவர்கள் அதைக் குழலோடு தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இவர் அதைக் கண்ணாடித் துண்டில் வைத்துக்கொண்டு, துவைக்கிற கல்லின் மேலோ தண்ணீர்த் தொட்டி விளிம்பிலோ மைக்ரோஸ்கோப்பை இறக்கி, வெயில் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிடுவார். அடுத்த வீட்டில் மாடு காத்திருக்கும். போன் அடிக்கும். "வந்துட்டேங்க, பாலத்துகிட்ட வந்துட்டேன்" என்பார், ஒரு கண்ணை மூடியபடியே. எந்தப் பாலம் என்று யாரும் கேட்டதில்லை.

நான் இந்த ஊர்க்காரி இல்லை. விருதுநகர்ப் பக்கம். டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்தேன். அங்கே வேலை பார்த்த சூளகிரிப் பக்கத்துக்காரரைக் கட்டிக்கொண்டு அவர் ஊரிலேயே தங்கிவிட்டேன். என் வேலையும் மைக்ரோஸ்கோப்பில்தான். சர்க்யூட் போர்டில் ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா என்று ஷிஃப்ட் முழுக்கக் குனிந்து பார்க்க வேண்டும். சரியில்லாததைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வீட்டுக்கு வந்தால் எதையும் உற்றுப் பார்க்கப் பிடிக்காது. அரிசியில் கல் பொறுக்குவதைக்கூட மாமியாரிடம் தள்ளிவிடுவேன்.

செவலை என் மாடு. முதல் போனஸில் வாங்கியது. நிலம், வீடு, கிணறு எல்லாம் மாமனார் வழியில் வந்தவை. "எங்க நெலம், எங்க கெணறு" என்று மாமியார் பேசும்போது அந்த 'எங்க'வுக்குள் நான் இருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வரும். செவலையை மட்டும் ஊரே "தெக்கத்திப் பொண்ணு மாடு" என்று சொல்லும். அதைக் கேட்கும்போது எனக்குள் ஒரு நிமிர்வு வரும். அந்த ஊரில் என் பேர் ஒட்டியிருந்தது அது ஒன்றின் மேல்தான்.

செவலைக்கு அவர் முதல் தடவை ஊசி போட்ட அன்று எனக்கு வார விடுமுறை. மாட்டிடம் அவர் தெலுங்கில்தான் பேசுவார். "ஆகம்மா, ஆகு" என்று முதுகில் தட்டினால் முரண்டு பிடிக்கிற மாடும் நிற்கும். எங்களிடம் தமிழ். போனில் பாகலூர்ப் பக்கத்து ஆட்களிடம் கன்னடம். ஊசி போட்டு முடித்துத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"பாக்குறீங்களாம்மா?"

"வேணாம்ணே. கம்பெனியில நாள் முழுக்க இதத்தான் பாக்கேன்."

"அது அசையாதும்மா. இது அசையும்."

மறுக்க முடியாமல் குனிந்தேன். மங்கலான வட்டத்துக்குள் தலையும் வாலுமாக என்னென்னவோ துடித்தன. ஒன்று நேராகப் போனது. ஒன்று வட்டமடித்தது. ஒன்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடந்தது. பழக்க தோஷம், வாய் தானாகச் சொன்னது: "இது ரிஜெக்ட். இதுவும் ரிஜெக்ட்."

அவர் சிரித்துவிட்டார். "கம்பெனிய வூட்டுக்குக் கூட்டியாராதீங்கம்மா. எது கெட்டதுன்னு பாக்காதீங்க. எப்பிடிப் போவுதுன்னு பாருங்க."

எப்படிப் போகிறது. அவருடைய கேள்வி அது ஒன்றுதான். எந்தக் காளை, எத்தனை லிட்டர் வம்சம், கன்று கிடேரியா காளையா என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கும்போது, அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஜீவன் ஒரு வாலை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு தூரம் போகிறது என்பதிலேயே அவர் நின்றார்.

சூளகிரி மேட்டிலிருந்து இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு, கேன் கடகடக்க வண்டியை உருளவிட்டு வருவது அவர் வழக்கம். ஒரு நாள் அப்படி வந்து எங்கள் வாசலில் காலை ஊன்றி நின்றவர், வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"பாருங்கம்மா, இன்ஜின நிறுத்திட்டேன், வண்டி ஓடுது. கெணத்துல நீச்சல் அடிக்கிறவனும் கைய நிறுத்துனா கொஞ்சம் மெதந்துகினு போறான். இந்தச் சொகம் அதுங்களுக்குக் கெடையாது. வால நிறுத்துனா அந்த எடத்துலயே நின்னுடும். முடி அகலம்கூட நகராது."

"ஏண்ணே?"

"அம்மாஞ் சின்னது. நமக்குத் தண்ணி, அதுக்கு அது பாகு."

பாகு என்று சொன்னவர் அதோடு விடவில்லை. கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிக்க மாமியார் வெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்து, ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பாகு கேட்டார். ஆறவிட்டார். நடுவில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைப் போட்டு, கரண்டிக் காம்பால் மெதுவாக ஒரு பக்கம் இழுத்தார். மஞ்சள் கோடாக நீண்டது. அதே மெதுவில், அதே வழியில் காம்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். கோடு சுருங்கிச் சுருங்கிக் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"போன வழியே திரும்புனா பொறப்பட்ட எடந்தான். கதவாட்டம் தொறந்து மூடிகினு இருந்தா பாகுக்குள்ள ஒரு அடி முன்னால போவ முடியாது. அதனாலதான் அது வால வெறுமனே இப்படி அப்படின்னு ஆட்டறதில்ல. தலைலருந்து நுனி வரைக்கும் அலை ஓடவிடுது. போனது போன மாதிரி திரும்பாது."

மாமியார் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்த மஞ்சப் பாக யாருய்யா திங்கறது?"

அவரே குடித்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அவர் சொல்வதெல்லாம் சரியாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை. இளநீரில் விட்டுப் பார்ப்பார், தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஆலையில் வேலை செய்யும் மைத்துனரிடம் ஒரு டப்பா கூழ் வாங்கிவந்து அதிலும் விட்டுப் பார்த்தார். "கூழு கெட்டின்னு நெனச்சு வுட்டேன். கெட்டிய வுடுங்க, புளிப்புலயே எல்லாம் படுத்துகிச்சு" என்று நாலு நாள் வருத்தப்பட்டார். ஓசூர் மாட்டு டாக்டரிடம் போய்த் தன் சந்தேகங்களைக் கேட்பார். அந்த டாக்டர் நல்லவர். "எனக்கும் தெரியலப்பா, பாத்துட்டு வந்து சொல்லு" என்பாராம்.

அவருடைய பெரிய சந்தேகம் வழும்பு பற்றியது. பருவத்தில் நிற்கிற மாட்டின் பின்புறம் வழும்பு வழியும். அதை அவர் இரண்டு விரலுக்கு நடுவே இழுத்துப் பார்ப்பார். நல்ல பருவத்தில் கண்ணாடியாட்டம் தெளிவாக, அறுபடாமல் நீளும். நேரம் தாண்டத் தாண்டக் கலங்கிக் கெட்டியாகி, இழுத்தால் அறுந்துவிடும். வேறொரு வீட்டு மாட்டிடமிருந்து எடுத்துவந்த நல்ல வழும்பை ஒரு சொட்டும், குச்சியில் மிஞ்சியதை ஒரு சொட்டும் கண்ணாடித் துண்டில் பக்கம் பக்கமாக வைத்து எனக்குக் காட்டினார். இந்தப் பக்கம் இளகின நீரில் அவை தலையை வீசிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் அலைந்தன. எல்லையைத் தாண்டி வழும்புக்குள் நுழைந்தவை அப்படி அலையவில்லை. தலையாட்டம் அடங்கி, வால் சின்னச் சின்னதாக அடித்துக்கொண்டு நேர்கோட்டில் போயின.

"கெட்டியா இருந்தா தடுமாறணும். இது ஏம்மா ஒழுங்காப் போவுது? இன்னும் கெட்டியானா நின்னுடுது. எவ்வளவு கெட்டி வரைக்கும் நல்லது, எதுக்கு மேல கெட்டது?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். அவருக்கு அதில் ஏமாற்றம் ஒன்றுமில்லை. கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்ததே போதும் என்பது போல் இருந்தார்.

இதற்கிடையில் செவலைக்குச் சினை பிடிக்கவில்லை. முதல் ஊசி போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவதும் போனபோது என் கணவர் பொறுமை இழந்தார். பால் வற்றிக்கொண்டே வந்தது. "கறவையும் இல்ல, சினையும் இல்ல. எத்தன நாளு சும்மா தீனி போடறது? அடுத்ததும் இல்லன்னா குந்தாரப்பள்ளிக்கு ஓட்டிடலாம்" என்றார்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் சினை பிடிக்காத மாட்டை வாங்குகிறவர்கள் கறவைக்காக வாங்குவதில்லை. அதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும். 

ஊசிக்காரரிடம் சந்தைப் பேச்சை நான் சொல்லவில்லை. அவர் தன் போக்கில் ஒன்றைக் கேட்டார். "எல்லா வூட்டு வழும்பும் ஒவ்வொரு தடவ ஒவ்வொரு மாதிரி இருக்குது. உங்க வூட்டுது மட்டும் நா வர்றப்பல்லாம் முத்துன பாகாவே இருக்குதே, ஏம்மா?" குறை சொல்லவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். அந்தக் கேள்வி என் மண்டைக்குள்ளேயே கிடந்தது. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் போகும்போது பளிச்சென்று விளங்கியது.

செவலை கத்தாத மாடு. பருவம் வந்தால் மற்ற மாடுகள் ஊரைக் கூட்டும், இது வாயைத் திறக்காது. விடிந்து கொட்டகையைக் கூட்டும்போது வாலோரம் வழும்பு தெரிந்தால்தான் உண்டு. கூட்டுவது மாமியார். அதற்கு முன்பே நானும் கணவரும் பஸ் ஏறியிருப்போம். மாமியார் எங்கள் இருவருக்கும் மிஸ்டு கால் கொடுப்பார். எங்கள் கம்பெனியில் போனை உள்ளே கொண்டுபோக முடியாது, வாசலிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்து, மிஸ்டு கால் பார்த்து, ஊசிக்காரரைக் கூப்பிட்டு, அவர் எங்கெங்கோ நின்று நின்று வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும், அல்லது மறுநாளாகியிருக்கும். இரவில் ஆரம்பித்த பருவம் அதற்குள் தாண்டிப்போயிருக்கும். மூன்று தடவையும் இதுதான் நடந்தது; முதல் தடவை என் விடுமுறை நாளில் அவர் வந்ததும் முந்தின நாள் கூப்பிட்டதற்குத்தான். மாட்டின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் கேட்டேன். "ஏன் அத்தை, எங்களுக்குப் போட்டதுக்குப் பதிலா நேரா ஊசிக்காரருக்கே போன் போட்டிருக்கலாம்ல?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "மாடு அப்பிடி நிக்குது, வாங்கன்னு ஒரு ஆம்பளகிட்ட நா எப்பிடிம்மா சொல்றது? நாக்கு வருமா?"

பிறந்ததிலிருந்து மாட்டோடு புழங்குகிறவர். கன்று தலைகீழாக வந்தபோது முழங்கை வரை விட்டுத் திருப்பியவர். அவருக்குப் போனில் இதைச் சொல்ல வெட்கம். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. கடைசியில் ஒரு வழி செய்தோம். ஊசிக்காரரின் எண்ணை மாமியார் போனில் ஏற்றிக்கொடுத்தேன். ஒரு ரிங் அடித்ததும் வைத்துவிட வேண்டும், பேச வேண்டாம். அந்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் செவலை நிற்கிறது என்று அர்த்தம். ஊசிக்காரரிடம் சொன்னபோது தலையைத் தலையை ஆட்டினார். "அப்ப இந்தத் தடவ எளசான வழும்பு பாக்கலாம்" என்றார்.

அடுத்த சுற்று வந்தது. அன்று ஷிஃப்ட் முடிந்து லாக்கரைத் திறந்ததும் காலையில் வந்த மிஸ்டு கால் இருந்தது. அவருக்கும் போயிருக்கும், இந்நேரம் ஊசி விழுந்திருக்கும் என்று மனசு லேசாகி, பஸ்ஸில் தூங்கிக்கூடப் போனேன். ஊர் முனையில் இறங்கினால் எதிரே அவருடைய வண்டி வந்து நிற்கிறது. அவர் முகம் முழுக்கச் சந்தோஷம்.

"அம்மா, இன்னிக்கு ஒண்ணு பாத்தேன். வழும்புக்குள்ள அதுங்க தனித்தனியாப் போவலம்மா. நாலு, அஞ்சு, பக்கத்துல பக்கத்துல சேந்துகினு ஒரே பக்கமாப் போவுது. மெல்லிசு நீருல வுட்டா பிரிஞ்சுடுது. மறுக்கா வழும்புல வுட்டேன், மறுக்கா சேந்துக்குது. யாரு சொல்லிக் குடுத்தாங்க அதுங்களுக்கு?"

"அண்ணே, எங்க வீட்டுக்குப் போயிட்டு வாறீங்களா, இப்பத்தான் போறீங்களா?"

அவர் வண்டியை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

கொட்டகைக்கு வந்தார். செவலையின் பின்னால் நின்று, வழும்பை விரலில் எடுத்து இழுத்தார். அரை விரல் நீளம்கூட வரவில்லை, அறுந்தது. கலங்கலாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பப் போட்டா வீண்மா. போட வேணாம்."

"காலையில மிஸ்டு கால் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு. ஒரு நிமிசம்னுதான் உக்காந்தேன்."

அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணமானதில்லை. அந்தப் பெட்டியைத் தூக்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். "நீங்க பாத்துக்கிட்டே இருங்கண்ணே. என் மாடு சந்தைக்குப் போகட்டும். யாருக்கு என்ன" என்றேன்.

"சந்தைக்கா?" என்றார். அவருக்கு அதுவரை தெரியாது. செவலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பாமல் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

அன்று எங்கள் வீட்டில் பேச்சு நீண்டது. என் கணவர் வரும் சந்தைக்கே ஓட்டிவிடலாம் என்றார். நான் பேசிப் பேசி ஓய்ந்த நேரத்தில் மாமியார் வாயைத் திறந்தார். "இன்னொரு சுத்து பாருடா. நா போன் பேசியிருந்தா இந்நேரம் சினையா நின்னிருக்கும். தப்பு என்னுது, மாட்டுது இல்ல." என் பக்கம் நின்று அவர் மகனிடம் பேசியது அதுதான் முதல் தடவை. கணவர் அரை மனதாகச் சம்மதித்தார். ஊசி போட்டு மூன்றாம் மாதம் சினையா என்று கை விட்டுப் பார்ப்பது, இல்லையென்றால் அன்றைக்கே ஏற்றிவிடுவது என்று முடிவானது.

அந்தச் சுற்றில் ஊசி விழுந்ததை நான் பார்க்கவில்லை. கம்பெனியில் இருந்தேன். மாமியார் சொல்லித்தான் தெரியும். இந்தத் தடவை அவர் மிஸ்டு கால் கொடுக்கவில்லை. எடுக்கும்வரை அடிக்கவிட்டு, "செவல நிக்குது, வாங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தாராம். கொட்டகையைக் கூட்டி முடிப்பதற்குள் வண்டிச் சத்தம் கேட்டதாம். வண்டியின் ஒரு பக்கம் கேன் இருந்தது. இன்னொரு பக்கம் வெறும் கயிறுதான்.

"பொட்டி எங்கய்யான்னு கேட்டேன். அது இருந்தா நா நிப்பேம்மா, வூட்லயே வெச்சுட்டேன்னாரு. ஊசி போட்டாரு. அந்தக் கொழாய கொஞ்ச நேரம் வானத்துப் பக்கமா தூக்கிப் புடிச்சுப் பாத்தாரு. அப்புறம் புல்லுல தொடச்சுட்டுப் போய்ட்டாரு. டீகூடக் குடிக்கல. எனக்கே பாவமாப் போச்சு" என்றார் மாமியார்.

அன்று அவரிடம் அதிகமாகப் பேசிவிட்டேன் என்று பட்டது. திட்டியது என் வாய்தான். ஆனால் என் மாட்டுக்காக அவரைத் திட்டாமல் வேறு யாரைத் திட்டுவது என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தன.

அந்த மூன்று மாதமும் எங்கள் பக்கத்தில் எல்லா மாடுகளுக்கும் நேரத்துக்கு ஊசி விழுந்தது. ஊருக்கு நிம்மதி. "ஆளு திருந்திட்டாருங்க" என்று பால் ஊற்றுகிற இடத்தில் பேசிக்கொண்டார்கள். வருவார், போடுவார், போவார். பாலத்துகிட்ட வந்துட்டேன் என்கிற பொய் நின்றுபோனது. எனக்கோ வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒரு நாள் கம்பெனியில் ஒரு போர்டில் ஈயம் கம்பியோரமாக ஏறிப் பரவியிருந்தது. ரிஜெக்ட் தட்டில் போடுவதை விட்டுவிட்டு, உருகின ஈயம் கீழே வழியாமல் எப்படி மேலே ஏறியது என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். லைன் லீடர் வந்து தோளைத் தட்டிய பிறகுதான் சுயநினைவு வந்தது.

இப்போது அவர் இந்தப் பக்கம் இல்லை. மாலூர்ப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார் என்கிறார்கள். இப்போது வருகிறவர் கூப்பிட்ட அரை மணி நேரத்தில் வந்துவிடுவார். கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் போய்விடுவார். குறை சொல்ல ஒன்றுமில்லை. வழும்பை இழுத்துப் பார்க்கிற வழக்கம் அவருக்கும் உண்டு. பார்த்ததும் உதறிவிடுவார்.

அவர் இங்கே இருந்த அந்த மூன்றாம் மாதக் கடைசியில், செவலையைக் கை விட்டுப் பார்க்கிற நாளைச் சந்தை நாளிலேயே வைத்துக்கொண்டார் என் கணவர். மறுபடி பருவம் வந்ததாகத் தெரியவில்லைதான். ஆனால் அது கத்தாத மாடு, அதை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. நான் லீவு போட்டிருந்தேன். விடிந்ததும் குட்டியானை லோடு வண்டி வாசலில் வந்து நின்றது. ஓட்டுகிற தம்பி பின்பலகையை இறக்கி, மாடு வழுக்காமலிருக்க வைக்கோல் பரப்பினான். செவலை அதைத் தனக்குப் போட்ட தீனி என்று நினைத்துக் கழுத்தை நீட்டியது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஊசிக்காரர் வந்தார். பெட்டி இல்லை. தோள் வரை நீண்ட பிளாஸ்டிக் உறையை மாட்டி, சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு, "ஆகம்மா, ஆகு" என்று செவலையைத் தட்டிக்கொடுத்துக் கையை விட்டார். முழங்கை போனது. அதற்கு மேலும் போனது. கன்னத்தைச் செவலையின் இடுப்பில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

நேரம் போனது. என் கணவர் போனை எடுத்துப் பார்த்தார், வைத்தார். மாமியார் கொட்டகைத் தூணைப் பிடித்தபடி நின்றார்.

"அண்ணா, லேட்டாப் போனா சந்தைல வண்டி நிறுத்த எடம் கெடைக்காதுங்க" என்றான் வண்டிக்காரத் தம்பி.

ஊசிக்காரருக்கு அது கேட்கவே இல்லை. உதடுகள் மெதுவாக அசைந்தன. புருவம் ஏறியது, இறங்கியது. அந்த முகம் எனக்குத் தெரியும். தொட்டி விளிம்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம்தான். அதனால்தான் பயம் அதிகமாயிற்று. உள்ளே ஏதாவது இருந்தாலும் அவர் முகம் இப்படித்தான் இருக்கும். ஒன்றுமே இல்லாவிட்டாலும், அந்த ஒன்றுமில்லாதது எப்படி இருக்கிறது என்று இதே முகத்தோடு தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த முகத்தை வைத்து என் மாடு நிற்குமா போகுமா என்று கண்டுபிடிக்க முடியாது.

கடைசியில் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் கணவரையும் பார்க்கவில்லை. வாசல் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ பலகைய ஏத்திகினு கெளம்பு."

நான் அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். வாசலில் பலகை ஏறும் சத்தம் கேட்டது. பிறகு வண்டி கிளம்பிப் போனது. ஊசிக்காரர் மட்டும் கையை எடுக்கவில்லை. மறுபடி கன்னத்தைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"பை நெறைய தண்ணிம்மா" என்றார், யாருக்கோ சொல்வது போல. "கன்னு எலி அளவுதான் இருக்குது. மெல்லத் தட்டுனா தள்ளிப் போவுது. அப்புறம் அதுவா வந்து வெரல்ல முட்டுது. எப்பிடித் திரும்பி வருதுன்னுதான் தெரியல."

"அதான் தெரிஞ்சுடுச்சுல்லண்ணா, போதும், கைய எடுங்க" என்றார் என் கணவர்.

"இருக்கட்டுங்க, விடுங்க" என்றேன் நான். "ஒண்ணும் அவசரமில்லண்ணே. பாருங்க."